வெயில் காயும் நாட்டில் வலுவிழக்கும் எலும்புகள்

ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் தடையின்றி வெயில் காயும் நாடு இந்தியா. வெயிலின் உதவியோடு மனித உடல் தானே தயாரித்துக்கொள்ளும் ஒரு சத்து நம் மக்களுக்குப் போதாமல் போகிறது என்று சொன்னால், முதலில் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் ஒன்றிய அரசின் சுகாதார அமைச்சகமே 2016-18இல் நடத்தி, 2019இல் வெளியிட்ட தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வு அதைத்தான் சொல்கிறது. ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளில் 14 சதவீதம், ஐந்து முதல் ஒன்பது வயது வரை 18 சதவீதம், பத்து முதல் பத்தொன்பது வயது வரை 24 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி பற்றாக்குறை இருந்தது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 12 நானோகிராமுக்கும் குறைவு என்ற கறாரான அளவுகோலின்படி கிடைத்த கணக்கு இது. வயது ஏற ஏறப் பற்றாக்குறையும் ஏறுவதைக் கவனிக்க வேண்டும். மண்ணில் விளையாடிய குழந்தை வகுப்பறைக்குள் போகிறது. பெண் குழந்தையாக இருந்தால் பருவமெய்திய பிறகு வீட்டுக்குள்ளும் போகிறது.

இந்த அறிக்கை வெளிவந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ரத்தசோகை பற்றிப் பேசும் அளவுக்குக்கூட ஆட்சியாளர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. மறுபக்கம், தனியார் பரிசோதனைக் கூடங்களும் மருந்து நிறுவனங்களும் இதைப் பற்றி ஓயாமல் பேசுகின்றன. அரசின் மௌனத்துக்கும் சந்தையின் இரைச்சலுக்கும் நடுவில், உண்மையாகவே கடுமையான பற்றாக்குறையால் அவதிப்படும் உழைக்கும் பெண்ணுக்கு மட்டும் உரிய சிகிச்சை போய்ச் சேர்வதில்லை.

கடுமையான பற்றாக்குறை என்பது வெறும் அசதி அல்ல. வெயிலிலுள்ள புற ஊதா பி கதிர் தோலில் படும்போது அங்கே வைட்டமின் டி உருவாகிறது. கல்லீரலும் பின்னர் சிறுநீரகமும் அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. அது இல்லாவிட்டால் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் போதிய அளவு உறிஞ்சாது. ரத்தத்தில் சுண்ணாம்பு குறையவிடாமல் காக்க உடல் தன் எலும்பிலிருந்தே எடுத்துச் செலவழிக்கத் தொடங்கும். வளரும் குழந்தைக்கு இதனால் கால்கள் வளைகின்றன, மணிக்கட்டு பருக்கிறது, நடக்கும் பருவம் தள்ளிப்போகிறது. இதுவே ரிக்கெட்ஸ். வளர்ந்தவர்களுக்கு எலும்பு வளைவதில்லை, மென்மையாகிறது. இடுப்பு, தொடை, விலா எலும்புகளில் இடைவிடாத வலி, தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாது, படியேற முடியாது, நடை வாத்து நடைபோல் ஆகிறது. இடுப்பெலும்பு சுருங்கிய பெண்ணுக்குப் பிரசவமே ஆபத்தாகிறது.

இத்தகைய வலியோடு மருத்துவமனைக்கு வரும் பெண்களில் பலரது முந்தைய மருத்துவச் சீட்டுகளைப் பார்த்தால் ஒரே கதைதான் இருக்கும். முதலில் வாதம் என்றார்கள். வலி மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ரத்தசோகை என்றார்கள். பிறகு மனக்கவலை என்றார்கள். வலி தீராததால் வேலைக்குப் போவது நின்றது. வீட்டில் சோம்பேறி என்ற பெயரும் சேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கி வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்ட பின்னரே எலும்பைப் பற்றிய எண்ணம் யாருக்காவது வருகிறது. எழ முடியவில்லை என்று ஒரு பெண் சொல்லும்போது அதை நம்பிக் கேட்கும் பழக்கம் நமது மருத்துவ அமைப்பிலும் குடும்பத்திலும் இல்லை என்பது நோயைவிடப் பெரிய சிக்கல்.

இந்த நோயின் வரலாறு உழைக்கும் வர்க்கத்தின் குடியிருப்பு வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. வார்சா நகரக் குழந்தைகளுக்குக் கால் வளைகிறது, சுற்றியுள்ள கிராமத்துக் குழந்தைகளுக்கு வளைவதில்லை என்று போலந்து மருத்துவர் சினியாதெட்ஸ்கி 1822ஆம் ஆண்டிலேயே எழுதினார். தொழிற்புரட்சி நடந்த இங்கிலாந்தில் நோய் எவ்வளவு பரவியிருந்தது என்றால், ஜெர்மானியர்கள் அதற்கு 'ஆங்கில நோய்' என்றே பெயர் வைத்திருந்தனர். நிலக்கரிப் புகை வானத்தை மூடியது. சந்துகளில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. போதாக்குறைக்கு, 1696 முதல் 1851 வரை அந்நாட்டில் சன்னலுக்கு வரி இருந்தது. வரியைத் தவிர்க்க வீட்டு உரிமையாளர்கள் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். உள்ளே குடியிருந்த வாடகைக்காரர்கள் இருட்டில் கிடந்தார்கள். சன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிரை உள்ளே விடாது என்பது வேறு விஷயம். ஆயினும் வெளிச்சத்துக்கே விலை வைத்த ஆட்சியின் குணத்தை அந்த வரி காட்டுகிறது. 1845இல் வெளிவந்த 'இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை' நூலில் ஏங்கெல்ஸ், தொழிலாளர் குழந்தைகளிடையே ரிக்கெட்ஸ் மிகச் சாதாரணமாகக் காணப்படுவதையும், வளரும் பருவத்தில் எலும்பு இறுகாமல் போவதையும் பதிவு செய்திருக்கிறார். அப்போது வைட்டமின் என்ற சொல்லே பிறக்கவில்லை.

காரணம் வெயிலின்மை என்று நிறுவ மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. ஜப்பானில் பணிபுரிந்து திரும்பிய தியோபால்ட் பாம் என்ற மருத்துவர், வறுமை மிகுந்த கீழை நாடுகளில் அரிதான இந்த நோய் செல்வம் கொழிக்கும் இங்கிலாந்தின் நகரங்களில் ஏன் மலிந்திருக்கிறது என்று 1890இல் கேட்டார். வெயில் என்பதே அவர் கண்ட விடை. 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி புற ஊதா விளக்கொளியால் குழந்தைகளைக் குணப்படுத்திக் காட்டினார். முதல் உலகப் போரால் பட்டினியில் கிடந்த வியன்னாவில், ஹாரியட் சிக் தலைமையிலான பெண் ஆய்வாளர்கள் மீன் எண்ணெயும் வெயிலும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று மெய்ப்பித்தனர்.

இந்தியாவிலும் அன்றே எச்சரிக்கை கிடைத்தது. காஷ்மீரில் மருத்துவராகப் பணியாற்றிய கேத்லீன் வாகன், ஸ்ரீநகரில் வீட்டுக்குள் அடைபட்டு வாழ்ந்த பெண்களின் இடுப்பெலும்பு நொறுங்கிக் குறுகிப் பிரசவத்தில் உயிர்போவதையும், அதே ஊரில் படகுகளில் வெட்டவெளியில் வாழ்ந்து உழைத்த பெண்கள் அச்சிக்கலின்றிப் பிள்ளை பெறுவதையும் ஒப்பிட்டு 1928இல் நூலே எழுதினார். காலனிய மருத்துவருக்குரிய மேட்டிமைப் பார்வையும் அந்த எழுத்தில் உண்டு. ஆயினும் அவர் கண்ட உண்மை பொய்யாகிவிடாது: அங்கே நோயைத் தீர்மானித்தது, பெண்ணுக்கு வெளியில் நிற்க உரிமை உண்டா என்பதே.

இங்கு ஒரு கேள்வியைத் தவிர்க்காமல் எதிர்கொள்ள வேண்டும். முன்னர்ச் சொன்ன தேசிய ஆய்வில் பற்றாக்குறை கிராமத்தைவிட நகரத்தில் அதிகம். ஏழைக் குடும்பங்களைவிட வசதியான குடும்பங்களில் அதிகம். அப்படியானால் இது பணக்காரர் நோய்தானே, இடதுசாரி ஏடு இதை ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். வயலில் வேலை செய்பவருக்கு வெயில் கிடைக்கிறது, குளிர்பதன அறையில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் வசதியுள்ளவர் வெயிலை இழந்தால் மாத்திரை, பால், முட்டை, மருத்துவர் எல்லாம் அவருக்கு உண்டு. வயலைவிட்டு நகரத்துக்குப் புலம்பெயர்ந்து ஆலைக்குள்ளும் ஒற்றை அறைக்குள்ளும் அடைபட்ட தொழிலாளி, பணக்காரரைப் போலவே வெயிலை இழக்கிறார். ஏழையாகவே சோற்றையும் ரொட்டியையும் மட்டும் உண்கிறார். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உணவோடு வெயிலின்மையும் சேரும்போதுதான் எலும்பு மிக வேகமாகக் கெடுகிறது. சராசரிகளை மட்டும் பார்த்தால் இந்தப் பிரிவு கண்ணில் படாது.

அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? தில்லியில் பார்ப்போம். காற்று மாசு மிகுந்த மோரி கேட் பகுதியிலும், அன்று ஒப்பீட்டளவில் தூய்மையாக இருந்த குர்கானிலும் வாழ்ந்த இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. மோரி கேட் குழந்தைகளின் ரத்தத்தில் சராசரியாக மில்லிலிட்டருக்கு 12 நானோகிராம் வைட்டமின் டி. குர்கான் குழந்தைகளுக்கு 27. புகைமண்டலம் நுரையீரலை மட்டுமல்ல, எலும்பையும் தாக்குகிறது. அதன்பின் கடந்த காலத்தில் தில்லியின் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

மும்பை கோவண்டியில், வளர்ச்சித் திட்டங்களுக்காகக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய நட்வர் பரேக், லல்லுபாய் காம்பவுண்டு குடியிருப்புகளைப் பாருங்கள். பல மாடிக் கட்டடங்களுக்கு நடுவே சில மீட்டர் இடைவெளிதான். கீழ்த் தளங்களுக்கு வெயிலோ காற்றோ எட்டுவதில்லை. அங்கே காசநோய் பரவியதற்கும் கட்டட அமைப்புக்கும் உள்ள தொடர்பை மருத்துவர்களும் ஐஐடி வல்லுநர்களும் 2018இல் ஆய்ந்து வெளியிட்டனர். குடிசையிலாவது வாசலில் வெயில் இருந்தது. 'மறுவாழ்வு' என்ற பெயரில் கட்டித் தந்த வீட்டில் அதையும் பறித்தார்கள். மனைவிலைதான் கட்டட விதிகளை எழுதுகிறது.

ஆலைகளுக்கு வருவோம். ஆயத்த ஆடை ஆலையில் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் உள்ளே போகும் பெண் வெளியே வரும்போது பொழுது சாய்ந்துவிடும். நம் நாட்டில் தோலில் வைட்டமின் டி உருவாகப் பயன்படும் கதிர் பெரும்பாலும் முற்பகல் பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரையே கிடைக்கும். நமது நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் என்று எளிதாக நினைவில் கொள்ளலாம். அந்த ஐந்து மணி நேரம் முழுவதும் முதலாளிக்குச் சொந்தம். உணவு இடைவேளை அரை மணி. அதில் வரிசையில் நிற்பதும் கழிப்பறைக்குப் போவதும் அடக்கம். இந்த நிலையில்தான் கர்நாடகம் 2023இல் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்து சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு ஏப்ரலில் நிறைவேற்றப்பட்ட இத்தகைய மசோதா, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே தினத்தன்று கைவிடப்பட்டது. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தைக் கூலிக் கணக்காக மட்டும் பார்ப்பவர்களுக்கு அது எலும்பின் கணக்கும்கூட என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'வெயிலில் நில்லுங்கள்' என்று மருத்துவர் சொல்கிறார். தவறான அறிவுரை அல்ல. வாரத்தில் சில நாட்கள், கையும் காலும் முகமும் வெயில் படும்படி இருபது முப்பது நிமிடம் நின்றால் பலருக்குப் பயன் உண்டு. கருத்த தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் தேவை. ஆனால் ஒற்றை அறைக் குடித்தனத்தில் இருக்கும் இளம்பெண் பட்டப்பகலில் கை கால் வெயில் பட எங்கே நிற்பாள்? மாடிக்குப் பூட்டு, பூங்காவுக்குக் கட்டணம், தெருவில் நின்றால் ஆண்களின் கண். மே மாத வெயிலில் தார் போடும் தொழிலாளியோ அந்த வெயிலாலேயே மடிகிறார். ஒருவருக்கு நஞ்சாகும் அளவுக்கு வெயில், இன்னொருவருக்கு எட்டாத வெயில். இரண்டிலும் தொழிலாளிக்குத் தேர்வு இல்லை.

மீள முடியுமா? முடியும். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது; ஆண்டுக்கணக்கில் படுத்தவர்கள்கூட நம்பிக்கை இழந்துவிடக் கூடாது. கடுமையான பற்றாக்குறை உள்ள பெரியவர்களுக்குப் பொதுவாக வாரத்துக்கு ஒருமுறை 60,000 யூனிட் வீதம் எட்டு வாரம் வரை கொடுத்து, பின்னர் குறைந்த அளவில் தொடர்வது வழக்கம். உடன் போதிய கால்சியமும் சேர வேண்டும். வைட்டமினை மட்டும் கொடுத்துச் சுண்ணாம்பை மறந்தால் எலும்பு இறுகாது. கொழுப்புள்ள உணவுக்குப் பிறகு உட்கொண்டால் நன்கு உறிஞ்சப்படும். தசை வலு சில வாரங்களில் திரும்பத் தொடங்கும்; எலும்பு வலி முழுதும் தணிய மாதங்கள் ஆகலாம். குழந்தைகளின் வளைந்த கால்கள் காலத்தே சிகிச்சை பெற்றால் பெரும்பாலும் தாமே நிமிர்கின்றன. சிறுநீரக நோய் உள்ளவர்கள், கற்கள் உள்ளவர்கள் மருத்துவரின் கண்காணிப்பின்றி இதைத் தொடவே கூடாது.

எதிர்ப்பக்க ஆபத்தும் சிறிதல்ல. வாரத்துக்கு ஒன்று என்று எழுதித் தந்த மாத்திரையைத் தினம் ஒன்றாக விழுங்கி, ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி, வாந்தியும் மனக்குழப்பமும் சிறுநீரகச் செயலிழப்புமாக மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு. ஆறு லட்சம் யூனிட் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடும் பழக்கமும் உண்டு. சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியதை யாரும் விளக்கிச் சொல்லாததன் விலை அது.

மருந்து பெரிய விலை இல்லை. செம்மறியாட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுக்கப்படும் சாதாரணப் பொருள். எட்டு வார மருந்துக்குச் சில நூறு ரூபாய் போதும். ஆனால் பரிசோதனைக்குத் தனியார் கூடத்தில் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல். மருத்துவர் கட்டணம் வேறு. போய்வரும் ஒவ்வொரு நாளும் கூலி இழப்பு. நோய்க்குறி இல்லாதவர்கள் அனைவரும் பரிசோதிக்கத் தேவையில்லை என்று சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்களே இப்போது சொல்கின்றன. இங்கோ நலமாக இருப்பவரிடம் 'முழு உடல் பரிசோதனை' விற்கப்படுகிறது; வலியில் துடிப்பவருக்குப் பரிசோதனை கைக்கெட்டவில்லை.

வைட்டமின் டி மருந்து அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணை, உற்பத்திச் செலவின் அடிப்படையில் விலை நிர்ணயிக்கும் பழைய முறையைக் கைவிட்டு, சந்தையில் விற்கும் விலைகளின் சராசரியையே உச்சவரம்பாக்கியது. அதன்மேல் மொத்த விலைக் குறியீட்டைக் காட்டி 2022இல் 10.77 சதவீதமும் 2023இல் 12.12 சதவீதமும் உயர்த்த அனுமதித்தார்கள். பட்டியலில் உள்ள மருந்தோடு இன்னொரு பொருளைச் சேர்த்துப் புதுப் பெயரில் விற்றால் உச்சவரம்பே பொருந்தாது. கடை அலமாரியில் இருக்கும் கலவை மாத்திரைகளைப் புரட்டிப் பார்த்தால் இந்தத் தந்திரம் விளங்கும்.

அரசிடம் திட்டமே இல்லை என்று சொல்லவில்லை. கருவுற்ற பெண்ணுக்கு நான்காவது மாதம் முதலும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதமும், 500 மில்லிகிராம் கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டியும் கொண்ட மாத்திரையை நாளுக்கு இரண்டு வீதம் இலவசமாகத் தர வேண்டும் என்று 2014ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது. தாய்ப்பாலில் இந்தச் சத்து மிகக் குறைவு என்பதால் கைக்குழந்தைக்கு ஓராண்டு வரை நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்து தர வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்கு அது வாங்கப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தை நம்பிய குழந்தைக்கு?

உணவுக்கு வருவோம். பாலிலும் சமையல் எண்ணெயிலும் வைட்டமின் டி சேர்க்க 2018ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன, கட்டாயமில்லை. அந்த விதிப்படி ஒரு லிட்டர் பாலில் 200 முதல் 300 யூனிட் இருக்கும். நாளொன்றுக்கு 600 யூனிட் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. ஒரு தம்ளர் பால் 50 யூனிட்தான் தரும். அந்த ஒரு தம்ளர்கூட எத்தனை வீட்டில் உண்டு? எண்ணெயைச் சில்லறையாக அளந்து வாங்குபவருக்குச் செறிவூட்டல் போய்ச் சேராது. 2028 வரை செறிவூட்டிய அரிசி வழங்க 17,082 கோடி ரூபாய் செலவிட 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதில் சேர்ப்பது இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12. தட்டில் பாலும் முட்டையும் மீனும் பருப்பும் இல்லாததை மாவுக்கலவையால் ஈடுகட்ட முடியும் என்ற எண்ணத்தை நாம் ஏற்பதில்லை.

முட்டை ஒன்றில் சுமார் 40 யூனிட்தான் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் புரதமும் கொழுப்பும் சேர்ந்து கிடைக்கும் மலிவான உணவு அது. பள்ளி மதிய உணவில் தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு ஒரு நாள் பொருட்செலவாக 2025 மே முதல் நிர்ணயிக்கப்பட்டுள்ள தொகை 6 ரூபாய் 78 காசு. பருப்பு, காய்கறி, எண்ணெய், விறகு எல்லாவற்றுக்கும் சேர்த்து. பல நகரங்களில் ஒரு முட்டையின் விலையே அதுதான். இந்தத் தொகையைக் கூட்டாமல், முட்டை போடலாமா கூடாதா என்று சைவத்தின் பெயரால் பாஜக ஆளும் மாநிலங்களில் நடக்கும் விவாதம் குழந்தைகளுக்கு இழைக்கும் கொடுமை.

ஒன்றிய அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தைத் தடுப்பூசித் திட்டத்தோடு இணைத்து இலவசமாகத் தர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் இம்மருந்து தடையின்றி இருக்க வேண்டும். எழ முடியாமல் வரும் பெண்ணுக்குப் பரிசோதனை இலவசமாக வேண்டும். சிகிச்சைக் காலத்தில் ஊதியத்தோடு விடுப்பு வேண்டும். தலைச்சுமை தூக்கும் வேலையிலிருந்து மாற்றுப் பணி வேண்டும். விலை நிர்ணயத்தைச் செலவு அடிப்படைக்குத் திருப்ப வேண்டும். மதிய உணவுக்கான பொருட்செலவை இரட்டிப்பாக்கி முட்டையோ பாலோ எல்லா மாநிலங்களிலும் உறுதிப்படுத்த வேண்டும். மறுகுடியமர்வுக் கட்டடங்களில் தரைத்தள வீட்டுக்கும் வெயில் விழும் இடைவெளியை விதியாக்க வேண்டும்.

நமது தோழர்கள் இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாதர் அமைப்புகளும் தொழிற்சங்கக் கிளைகளும் தத்தம் பகுதி சுகாதார நிலையத்துக்குச் சென்று, கருவுற்ற பெண்களுக்கான கால்சியம் மாத்திரை கடைசியாக எந்த மாதம் வந்தது, எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டது என்று இருப்புப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம். ஆலை வாயிலில் அடுத்த கோரிக்கைப் பட்டியல் தயாராகும்போது ஒரு வரியைச் சேர்க்கலாம்: உணவு இடைவேளை ஒரு மணி நேரம், வெளிமுற்றத்தின் கதவு திறந்திருக்க வேண்டும்.